குளிருதுன்னு சொல்லவா, உறையுறேன்னு சொல்லவா? நார்வேஜியன்ல குளிர்கால பேச்சு, புதுசா வந்த ஒரு ஆளோட அனுபவம்

ஆஸ்லோ வந்த மொத டிசம்பர், பஸ் ஸ்டாப்புக்கு எறங்குற சரிவுல நடந்துட்டு இருக்கேன், எதிர்ல நாயை கூட்டிட்டு வந்த ஒரு பாட்டி என்னை பாத்து "பஸ் போ, பஸ் போ!"ன்னு சத்தம் போட்டாங்க. ஐயோ பஸ் போயிருச்சு போலன்னு ஓட ஆரம்பிச்சேன், ரெண்டாவது அடியிலேயே மல்லாக்க விழுந்தாச்சு. "பஸ் போ"ன்னா நார்வேஜியன்ல "பாத்து, கவனம்"னு அர்த்தமாம். பின்னாடியே "டே ஏர் க்லட்"னாங்க, வழுக்குதுப்பான்னு. அதுவரைக்கும் நான் ஆசையா மனப்பாடம் பண்ணி வச்சிருந்தது "டே ஸ்னோர்", பனி பெய்யுது. அன்னைக்கு அதால ஒரு பிரயோஜனமும் இல்ல.

அதனால எத மொதல்ல படிக்கணும்ங்குற போட்டியில என் ஓட்டு "டே ஏர் க்லட்"டுக்குத்தான். பனி பெய்யுறது ஜன்னல்லயே தெரியும், யாரும் சொல்ல வேணாம். நேத்து கொஞ்சம் உருகி ராத்திரி மறுபடி உறைஞ்ச ரோடு கறுப்பா சும்மா ஈரம் மாதிரிதான் இருக்கும், அத வாயால சொன்னாத்தான் தெரியும்.

இந்த "டே" பத்தி ஒண்ணு சொல்லிடுறேன். எழுதுறப்போ கடைசியில ஒரு டி எழுத்து இருக்கும், பேச்சுல வராது, அதனால நம்ம காதுக்கு யாரோ "டேய்"னு கூப்புட்ட மாதிரியே இருக்கும். நாம "குளிருது"ன்னு ஒத்த வார்த்தையில முடிச்சிடுவோம், எது குளிருதுன்னு யாரும் கேக்க மாட்டாங்க. அங்க அப்படி விட முடியாது, முன்னாடி ஒரு சும்மா எழுவாய் வேணும்: "டே ஏர் கல்ட்". கிளாஸ்ல இத விட்டா செவப்பு மை. ஆனா லிஃப்ட்ல பக்கத்து வீட்டுக்காரர் என்ன சொல்றார்? "கல்ட் இ டாக்", இன்னைக்கு குளிரு, அவ்ளோதான், டேயும் இல்ல ஏரும் இல்ல. எனக்கு கேட்டா மொத ரெண்டு மாசம் முழுசா சொல்லி பழகிட்டு அப்புறம் வெட்டுங்க, மொதல்லயே வெட்ட ஆரம்பிச்சா நீளமான வாக்கியத்துலயும் டே காணாம போயிடும்.

இப்ப நெஜமான சண்டைக்கு வருவோம். வெளிய குளிரு சரி, எனக்கு குளிருதுன்னு எப்படி சொல்றது? நம்மாளுங்க நேரா இங்கிலீஷ்ல இருந்து தூக்கி "யை ஏர் கல்"னு வப்பாங்க. "நான் சில்லுன்னு இருக்கேன்"ங்குற மாதிரி. சுத்தமா தப்புன்னு சொல்ல முடியாது, கையோ காலோ சில்லிட்டுப் போச்சுன்னு சொல்ல அந்த வார்த்தை ஓடும், ஆனா ஒரு ஆளை மொட்டையா "கல்"னு சொன்னா பாசமே இல்லாத ஆளுங்குற வாடையும் சேந்து அடிக்கும் (நம்ம காதுக்கு கல்நெஞ்சுன்னே கேக்குது, அது தற்செயல்தான்). அவங்க சாதாரணமா சொல்றது "யை ஃப்ரூசெர்". ஈ சொல்ற மாதிரி நாக்கை வச்சுகிட்டு உதட்டை மட்டும் ஊ மாதிரி குவிக்கணும், குவிக்கலன்னா ஃப்ரிட்ஜோட ஃப்ரீசர்தான் வரும், நான் ஒரு வருஷம் ஃப்ரீசராத்தான் இருந்தேன், எல்லாருக்கும் புரிஞ்சுது. தண்ணி உறையுறதுக்கும் இதே வினைதான், மனுஷன் நடுங்குறதுக்கும் இதேதான். "எனக்கு குளிருது"க்கு நேர் ஜோடி இது, இங்கிலீஷ் வழியா சுத்திட்டு வந்தா கெடைக்காது.

அதே மாதிரி இன்னொரு ஜோடி. "டே ஸ்னோர்"னா மேல இருந்து விழுந்துட்டு இருக்கு. விழுந்து முடிஞ்சு தரையில இருக்குறதுக்கு "டே லிகெர் ஸ்னோ". இத கிளாஸ்ல பலரு குழப்பிக்குறாங்க, நமக்கு ஒண்ணும் கஷ்டமே இல்ல, பனி பெய்யுது, பனி கெடக்கு, அப்படியே அதுதான். லிகெர்னா படுத்து கெடக்குறதுதான். ஆனா "பனி"ங்குற வார்த்தை நம்மள கவுத்துடும். மார்கழிப் பனியும் பனி, புல்லு மேல இருக்குறதும் பனி, ஐஸும் பனிக்கட்டி. அங்க வானத்துல இருந்து பஞ்சா விழுறது ஸ்னோ, கெட்டியா உறைஞ்சது ஈஸ், மழையும் பனியும் கலந்து மூஞ்சியில அடிக்கிறது ஸ்லுட், அது ரோட்டுல கூழாகி ஷூக்குள்ள போறது ஸ்லப்ஸ்.

எதை மொதல்ல படிக்கணும்ங்குறது ஊரை பொறுத்தது. பெர்கன் பக்கம்னா கடலோரம், குளிர்காலத்துலயும் பாதி நாள் மழைதான், அங்க ஸ்லுட்டும் "டே ரைனெர்"ரும் (மழை பெய்யுது) இல்லாம பொழப்பு ஓடாது. உள்நாட்டுல, வடக்க ஃபின்மார்க்ல, எண்கள் முக்கியம். அங்க காராஷோக்ங்குற ஊர்ல 1886 ஜனவரி 1ஆம் தேதி மைனஸ் 51.4 டிகிரி பதிவாயிருக்கு, நாட்டோட ரெக்கார்டு இன்னமும் அதுதான். எண் சொல்ல ரெண்டு வழி, "மீனுஸ் டீ" இல்லன்னா "டீ குலெக்ராடெர்", ரெண்டும் மைனஸ் பத்துதான். ரெண்டாவது கொஞ்சம் அழகா இருக்கும், ஆனா எனக்கு நாக்கு மடங்காது, நான் மீனுஸ் கட்சி. ரெண்டாவதை காதுல விழுந்தா புரிஞ்சுக்குற அளவுக்கு வச்சுக்கிட்டா போதும்.

படிக்க ஆப்பா, புத்தகமான்னா ரெண்டையும் விட "யூர்"னு ஒரு வானிலை சைட் இருக்கு, நார்வே வானிலை நிலையமும் அரசு ஒளிபரப்பும் சேந்து 2007ல ஆரம்பிச்சது. பேருக்கே தூறல்னுதான் அர்த்தம். காலைல வெளிய கெளம்புறதுக்கு முன்னாடி எல்லாரும் பாக்குறது, அதுல மொழியை நார்வேஜியன்ல வச்சுட்டு படத்தையும் வார்த்தையையும் சேத்து பாத்தாலே ஒரு மாசத்துல பாதி வார்த்தை ஒட்டிக்கும்.

கடைசியா, பதில் சொல்றது. புதுசா வந்தவங்க எல்லாரும் அந்த பழமொழியை எடுத்து விடுவாங்க, மோசமான வானிலைன்னு ஒண்ணு கெடையாது, மோசமான துணிதான் இருக்குன்னு. அவங்க மொழியில "வேர்"னா வானிலை, "க்லேர்"னா துணி, எதுகை நல்லா இருக்கும். ஆனா அத அவங்க பிரீகேஜி வயசுல இருந்து கேட்டு சலிச்சாச்சு, நாம சொன்னா சிரிச்சு வப்பாங்க அவ்ளோதான். "கல்ட் இ டாக்"னு யாராவது சொன்னா "உஃப், யா"ன்னு ஒரு பெருமூச்சு விடுங்க, பேச்சு தானா நீளும்.

அப்புறம் அந்த பாட்டி. மறுநாள் அதே சரிவுல என் ஷூவை பாத்து "ப்ரொடெர்"னு ஒரே வார்த்தை சொல்லி தன் காலை தூக்கி காட்டுனாங்க, ஷூ மேல மாட்டுற ரப்பர், அடியில குட்டி குட்டி ஆணி. சாயங்காலமே வாங்கிட்டேன். இப்பவும் என்னை பாத்தா "பஸ் போ"ங்குறாங்க, நான் ஓடுறது இல்ல.