‘எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லிடுங்க’: லீவில் வந்து வங்கியில் கையெழுத்து போடுகிறவர்களுக்கு

2023 டிசம்பரில் ஒரு காலை, ஸ்டுட்கார்ட்டில் ரயிலுக்காக நின்றுகொண்டிருந்தேன். திருச்சியிலிருந்து அப்பா கூப்பிட்டார். "ஏம்ப்பா, கணக்குலேருந்து ரெண்டு லட்சம் எடுத்தியா?" நான் எடுக்கவில்லை. அவர் போனுக்கு வந்த குறுஞ்செய்தியை எழுத்தெழுத்தாகப் படிக்கச் சொன்னேன். ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் பெயர், ஆண்டுத் தவணை 2,00,000, கடைசியில் நன்றி. எனக்கு அந்த நிறுவனத்தில் பாலிசியே கிடையாது. அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

திருட்டு என்றால் போலீசுக்குப் போகலாம். இது என் கையெழுத்தோடும் அப்பா வாயால் சொன்ன ‘ஆமாம்’களோடும் நடந்தது. வங்கியின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அது தனியார் வங்கி என்பது மட்டும் போதும். இதே வித்தை வேறு வங்கிகளிலும் நடப்பதாக நண்பர்கள் சொல்லிவிட்டார்கள்.

தப்பு என் பக்கத்தில்தான் தொடங்கியது. 2019இல் வேலைக்காக ஜெர்மனி வந்தபோது ஊர்க் கணக்கை அப்படியே விட்டுவிட்டு வந்தேன். அப்பாவும் நானும் சேர்ந்து வைத்திருந்த சாதாரண சேமிப்புக் கணக்கு, கூடவே எட்டு லட்சத்துக்கு ஒரு எஃப்.டி. ‘வருஷத்தில் 182 நாள் வெளியே இருந்தால்தான் என்.ஆர்.ஐ., அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஒரு நண்பர் சொன்னார். அந்த நாள் கணக்கு வருமான வரிக்கு. வங்கிக் கணக்கை ஆள்வது ஃபெமா எனும் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம். வேலைக்காகவோ தொழிலுக்காகவோ, திரும்பும் தேதி தெரியாமலோ கிளம்பினால், கிளம்பிய நாளிலிருந்தே ஃபெமாவின் கண்ணில் நாம் வெளிநாட்டில் வசிப்பவர்கள்தான். படிக்கப் போகிறவர்களும் இதில் சேர்த்தி. அந்தச் சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக, அதாவது வெளிநாட்டில் வசிப்பவர் தன் இந்திய வருமானத்துக்கு வைத்துக்கொள்ளும் கணக்காக, மாற்றியாக வேண்டும். நான் மூன்று வருஷம் மாற்றவில்லை.

அடுத்த தப்பு சிம் கார்டு. ரீசார்ஜ் செய்யாமல் விட்டதில் என் ஊர் எண் செத்துப்போனது. ஒருநாள் அந்த எண்ணை வாட்ஸ்அப்பில் தேடினால் யாரோ ஒருவரின் கைக்குழந்தை சிரிக்கிறது. வங்கியின் ஓ.டி.பி. எல்லாம் அந்தக் குழந்தையின் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது! ஆதாரிலும் அதே எண்தான். நெட்பேங்கிங் பூட்டிக்கொண்டது, இரண்டு வருஷத்துக்கு மேல் கணக்கில் நானாக எதுவும் செய்யாததால் அது ‘செயல்படாத கணக்கு’ ஆனது, எஃப்.டி. முதிர்ந்து தானாகப் புதுப்பித்துக்கொண்டது. எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து என்று நினைத்தேன்: டிசம்பர் லீவில் போய் நேரில் முடித்துவிடலாம்.

2022 டிசம்பரில் ஊரில் இருந்தது பதினெட்டு நாள். ஒரு கல்யாணம், ஒரு வளைகாப்பு, குலதெய்வம் கோயில், அம்மாவுக்குக் கண் ஆஸ்பத்திரி. வங்கிக்குப் போனது கிளம்புவதற்கு நான்கு நாள் முன்னால். ரிலேஷன்ஷிப் மேனேஜர் என்று ஓர் இளைஞர் வந்து உட்கார்ந்தார். நல்ல பேச்சு. அப்பாவை ‘ஐயா’ என்றார், காபி வரவழைத்தார். என் கதையைக் கேட்டுவிட்டு முகத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டார். "மூணு வருஷமா மாத்தலையா சார்? ஃபெமாவுல இருக்கற தொகைக்கு மூணு மடங்கு வரைக்கும் அபராதம் இருக்கு, தெரியுமா?"

பொய் இல்லை. சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு உண்டு, மூன்று மடங்கு ‘வரை’. ஆனால் அதை அவர் எடுத்தது எனக்கு விவரம் சொல்ல அல்ல. எட்டு லட்சத்தை மூன்றால் பெருக்கிக்கொண்டிருந்தவன் காதில் அதற்கப்புறம் எதுவும் சரியாக விழவில்லை. "கவலைப்படாதீங்க சார், நான் முடிச்சுத் தர்றேன்" என்றார். எனக்கு அவர் தெய்வமாகத் தெரிந்தார்.

படிவங்கள் வந்தன. கணக்கு மாற்ற, கே.ஒய்.சி. புதுப்பிக்க, கையெழுத்து மாதிரி, செயல்படாத கணக்கைத் திறக்க. பென்சிலால் குறி போட்ட இடத்திலெல்லாம் போட்டேன். பல கட்டங்கள் காலி. "நான் ஃபில் பண்ணிக்கறேன் சார், உங்களுக்கு ஏன் சிரமம்." பழைய எஃப்.டி.யை உடைத்துத்தான் மாற்ற முடியும் என்றார். இது உண்மை இல்லை, இருக்கும் டெபாசிட்டை உடைக்காமலே என்.ஆர்.ஓ. என்று மாற்றித் தந்த வங்கிகளைப் பிறகு பார்த்தேன். எட்டில் ஆறு லட்சத்தைப் புது எஃப்.டி. ஆகவும், இரண்டு லட்சத்தை "என்.ஆர்.ஐ. கணக்கோட வர்ற அஞ்சு வருஷ டெபாசிட்" ஆகவும் போடலாம் என்றார். சரி என்றேன். எந்த எண்ணைக் கொடுப்பது என்ற கேள்வி வந்தது. ஜெர்மன் எண்ணைப் பதிய நாளாகும், இப்போதைக்கு ஐயா எண் இருக்கட்டும் என்றார். அதற்கும் சரி என்றேன். ஓ.டி.பி. வந்தது, அப்பா வாசித்தார், அவர் தட்டிக்கொண்டார்.

எழும்போது அப்பாவிடம் அவர் சொன்னது எனக்கு இன்றும் காதில் இருக்கிறது. "ஐயா, ரெண்டு நாள்ல ஒரு கால் வரும். வெரிஃபிகேஷன்தான். எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லிடுங்க. இல்லாட்டி கணக்கு மாறாது."

கால் வந்தபோது நான் ஸ்டுட்கார்ட் வந்து சேர்ந்து மூன்று நாள் ஆகியிருந்தது. "பேங்க்லேருந்து கேட்டாங்க, எல்லாம் சரின்னு சொல்லிட்டேன்" என்றார் அப்பா. "தேங்க்ஸ்ப்பா" என்றேன். ஜனவரியில் கூரியரில் ஒரு தடித்த உறை வந்தது. பேங்க் பேப்பர் என்று அம்மா அதைப் பத்திரமாகப் பீரோவில் வைத்தார். ‘அஞ்சு வருஷ டெபாசிட்’ என்று சொன்ன அந்த இரண்டு லட்சத்தின் பாலிசி பத்திரம்தான் அது. பிடிக்காத பாலிசியைத் திருப்பித் தர ஒரு கால அவகாசம் உண்டு. கையில் கிடைத்ததிலிருந்து அப்போது காகிதப் பத்திரத்துக்கு 15 நாள், 2024இலிருந்து 30 நாள். எங்கள் வீட்டுப் பீரோவுக்குள் அந்த அவகாசம் மெதுவாகக் காலாவதியானது.

காப்பீடு ஒரு பக்கம். அது வெளிச்சத்துக்கு வருமுன்பே இன்னொரு பள்ளத்தில் விழுந்திருந்தேன். 2023 மார்ச்சில், இங்கே சம்பளத்தில் சேர்த்த பணத்தில் 15 லட்சம் ரூபாய் ஊருக்கு அனுப்பி எஃப்.டி. போட்டேன். எங்கே? அந்த என்.ஆர்.ஓ. கணக்கில். என்.ஆர்.இ. என்று ஒன்றும் திறக்க வேண்டுமா என்று அன்றைக்கே கேட்டிருந்தேன். "ரெண்டும் ஒண்ணுதான் சார், அப்புறம் பார்த்துக்கலாம்" என்ற பதிலை நம்பினேன்.

ரெண்டும் ஒன்று இல்லை. இந்தியாவில் வரும் வாடகை, ஓய்வூதியம், டிவிடெண்ட், பழைய சேமிப்பு இவை என்.ஆர்.ஓ.வுக்கு. வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்புவது என்.ஆர்.இ.க்கு. என்.ஆர்.இ. டெபாசிட் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, அசலும் வட்டியும் எப்போது வேண்டுமானாலும் வெளியே கொண்டுபோகலாம். என்.ஆர்.ஓ. வட்டியிலோ முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதம், செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்த்து 31.2 சதவீதம் பிடித்துவிடுவார்கள். 15 லட்சத்துக்கு 7 சதவீத வட்டி என்றால் வருஷத்துக்கு 1,05,000. அதில் 32,760 போயிற்று. என்.ஆர்.ஓ.விலிருந்து பணத்தை வெளியே எடுக்கவோ என்.ஆர்.இ.க்கு மாற்றவோ நிதியாண்டுக்குப் பத்து லட்சம் டாலர் உச்சவரம்பு. நம் போன்றவர்களுக்கு வரம்பு பிரச்சினை இல்லை. அதற்கு அப்போது கேட்ட 15சிஏ, 15சிபி என்ற வரிப் படிவங்களும், ஆடிட்டரின் சான்றும் அவர் கட்டணமும்தான் பிரச்சினை. (ஜெர்மனியில் வசிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: என்.ஆர்.இ. வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை என்பதால் இங்கேயும் இல்லை என்று ஆகிவிடாது. இங்கே உலக வருமானம் முழுக்கக் காட்ட வேண்டும்.)

பிடித்த வரியைத் திரும்பப் பெற வழி உண்டு. எனக்கு இந்தியாவில் வேறு வருமானம் இல்லை, ரிட்டர்ன் போட்டால் வரும். அதை இணையத்தில் உறுதிசெய்ய ஆதார் ஓ.டி.பி. கேட்டது. ஆதாரில் பதிந்த போன் எண் எங்கே? குழந்தை வீட்டில். கடைசியில் கையெழுத்திட்ட தாளைப் பெங்களூருக்குத் தபாலில் அனுப்பினேன், முப்பது நாளுக்குள் போய்ச் சேர வேண்டுமே என்று வயிற்றைக் கலக்கியது. இந்தியாவுக்கும் ஜெர்மனிக்கும் உள்ள வரி ஒப்பந்தப்படி வட்டிக்கு 10 சதவீதம்தான். இங்கே வரி அலுவலகம் தரும் வசிப்புச் சான்றும், ஒப்பந்தச் சலுகை கேட்கும் 10எஃப் படிவமும் முன்னமே வங்கியில் கொடுத்திருந்தால் பிடித்தமே குறைந்திருக்கும். இதையும் அந்த இளைஞர் சொல்லவில்லை. கேட்காததால் நானும் தெரிந்துகொள்ளவில்லை.

எனக்கு மிகவும் உறுத்தியது வேறொன்று. அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சைக்காக அப்பா அந்தக் கணக்கில் பணம் எடுக்கப் போனார். முடியாது என்றார்கள். முன்பு ‘இருவரில் எவரும்’ என்று இருந்த கணக்கு, என்.ஆர்.ஓ. ஆனதும் ‘முதலாமவர், அவருக்குப் பின் மற்றவர்’ என்று மாறிவிடும். நான் உயிரோடு இருக்கும்வரை அப்பா அதைத் தொட வேண்டுமென்றால் என்னிடமிருந்து அதிகாரக் கடிதமோ பவர் பத்திரமோ வேண்டும். விதி அது, வங்கியைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அன்றைக்கு எதிரே உட்கார்ந்து காபி குடித்த பெரியவரிடம் ஒரு வரி சொல்லியிருக்கலாம். எழுபத்தொரு வயதில் கவுன்ட்டரில் நின்று தன் பையன் கணக்குக்குத் தானே அந்நியன் என்று கேட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறார். எனக்குப் போன் பண்ணவில்லை. சித்தப்பாவிடம் கைமாற்று வாங்கிக் கட்டியிருக்கிறார்.

இரண்டாம் தவணை போன பிறகு வங்கிக்கு எழுதினேன். ‘வாடிக்கையாளர் கையெழுத்திட்டுள்ளார்’. காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதினேன். ‘அவகாசம் முடிந்துவிட்டது, உறுதிப்படுத்தும் அழைப்பு பதிவாகியுள்ளது’. முதலில், தவணையைக் கணக்கிலிருந்து தானாக எடுக்கும் பற்று உத்தரவை நிறுத்தினேன், அதற்கே மூன்று மின்னஞ்சல். அப்புறம் விண்ணப்பத்தின் நகலைக் கேட்டு வாங்கினேன். அதைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. நான் காலியாக விட்ட கட்டங்களில் தொழில்: விவசாயம். ஆண்டு வருமானம்: 12 லட்சம். வசிப்பு நிலை: இந்தியாவில் வசிப்பவர்! ஒரே மேஜையில், ஒரே நாளில், ஒரு தாளில் என்னை வெளிநாட்டவனாக்கியவர்கள் அடுத்த தாளில் திருச்சி விவசாயி ஆக்கியிருந்தார்கள்.

பாலிசி எடுத்தவர்கள் இந்த நகலைத்தான் முதலில் கேட்க வேண்டும். என் வழக்கின் மொத்த பலமும் அதில்தான் இருந்தது. அழைப்பின் ஒலிப்பதிவையும் வற்புறுத்திக் கேட்டேன். முப்பத்தாறு வயதுக்காரனிடம் பேசுவதாக நினைத்து அந்தப் பெண் கேட்கிறார், அப்பா இருமிக்கொண்டே ஒவ்வொன்றுக்கும் ‘ஆமாம்மா’ என்கிறார். அந்த நாளில் நான் இந்தியாவில் இல்லை என்பதற்குப் பாஸ்போர்ட்டில் முத்திரை இருந்தது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் ‘பீமா பரோசா’ தளத்தில் புகார் போட்டேன், அங்கும் நிறுவனத்தின் அதே பதில்தான் வந்தது. பிறகு சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம், அதாவது குறைதீர்ப்பாளரிடம், போனேன். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை, வைத்துக்கொள்ளவும் முடியாது. நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். விசாரணைத் தேதி வருவதற்குள் நிறுவனமே இறங்கி வந்து நான்கு லட்சத்தையும் திருப்பியது. வட்டி இல்லை, வருத்தம் தெரிவித்து ஒரு வரியும் இல்லை. வங்கிச் சேவை பற்றிய குறை என்றால் முதலில் வங்கியில் எழுத்தில் புகார், 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேன். 14448 என்ற எண்ணில் வழி கேட்டுக்கொள்ளலாம்.

இத்தனைக்கும் நான் அன்று கிளைக்கே போயிருக்க வேண்டியதில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. வங்கியின் இணையதளத்தில் படிவம் இருக்கிறது. பாஸ்போர்ட், விசா அல்லது வசிப்பு அனுமதி, இங்குள்ள முகவரிச் சான்று இவற்றின் நகல்களை இந்தியத் தூதரகத்திலோ நோட்டரியிடமோ சான்றொப்பம் வாங்கி அனுப்பினால் போதும். வேறொரு வங்கியில் என்.ஆர்.இ. கணக்கை இப்படித்தான் திறந்தேன். மியூனிக்கில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்துக்கு ஒருநாள் ரயில் பயணம், ஜெர்மன் மொழிச் சான்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு, அவ்வளவுதான். ஒவ்வொரு கட்டத்தையும் என் கையால், என் வீட்டு மேஜையில், காபியை நானே போட்டுக் குடித்துக்கொண்டு நிரப்பினேன். பதிந்தது ஜெர்மன் எண். அப்பா எண்ணை எங்கும் கொடுக்கவில்லை.

அந்த இளைஞர் இப்போது வேறு வங்கியில் இருக்கிறாராம். போன பொங்கலுக்கு அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் கரும்பும் பானையுமாக ஒரு வாழ்த்துப் படம் அனுப்பியிருந்தார். கீழே ஒரு வரி: ‘ஐயா, சார் ஊருக்கு வந்தா சொல்லுங்க, என்.ஆர்.ஐ.க்குன்னே ஒரு நல்ல ஸ்கீம் வந்திருக்கு.’ அப்பா அதை எனக்கு அனுப்பிவிட்டுக் கேட்டார்: "இதுக்கும் ஆமான்னு சொல்லவா?"