காருக்குள் எல்இடி: வயர் ஜாயின்ட் வகைகளும் ஒரு பை அரிசியும்

அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆன பிறகும் இருட்டில் தரை சரியாகத் தெரிவதில்லை. ராத்திரி கோயிலுக்குப் போய்த் திரும்பினால், பின்சீட்டில் உட்கார்ந்தபடி காலால் துழாவித்தான் செருப்பைத் தேடுவார். அதற்காகத்தான் எங்கள் பழைய வேகன்ஆரில் முன்சீட்டுகளுக்கு அடியில், பின்பக்கம் பார்த்தபடி, முப்பது சென்டிமீட்டரில் இரண்டு எல்இடி பட்டை வைக்கச் சொன்னேன். கதவைத் திறந்தால் எரிய வேண்டும், மூடினால் அணைய வேண்டும். அவ்வளவுதான் தேவை.

ஒரு கடையில் அரை மணி நேரத்தில் மாட்டிக் கொடுத்தார்கள். நன்றாகத்தான் எரிந்தது. ஆறு மாதம் கழித்து, கதவைத் திறந்தால் ஒரு நாள் எரியும், மறுநாள் எரியாது. கதவை ஒரு தட்டுத் தட்டினால் மினுக்கும். பட்டைதான் போய்விட்டது என்று புதுப் பட்டை வாங்கினேன். பெரம்பூரில் எங்கள் வண்டியைப் பார்க்கும் எலக்ட்ரீஷியன் அண்ணன் அதைக் கையில் வாங்கவே இல்லை. "விளக்கு கெட்டுப்போறதில்ல தம்பி, ஜாயின்ட்தான் கெட்டுப்போகுது. முதல்ல அதைப் பாரு" என்றார். பார்த்தேன். அதிலிருந்து ஒரு மாதம் சென்னை ரிச்சி தெருவின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைத்த எல்லா வகை ஜாயின்ட்டையும் வாங்கி, பால்கனியில் சோதித்த பிறகே வண்டியில் கை வைத்தேன். அதன் அனுபவம்தான் இது.

கடையில் போட்டிருந்தது டி-டேப். பழைய வயரை வெட்டாமல், அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் கிளிப்பை வைத்து அமுக்கினால், உள்ளே இருக்கும் தகடு வயரின் தோலைக் கிழித்துச் செம்பைத் தொடும். வேலை ஒரு நிமிஷம். ஆனால் இதற்கு அளவு உண்டு. சிவப்பு மெல்லிய வயருக்கு, நீலம் அதைவிடத் தடித்ததற்கு, மஞ்சள் இன்னும் தடித்ததற்கு. என் வண்டியின் கதவு சுவிட்ச் வயர் சுமார் 0.5 ஸ்கொயர் எம்எம், உள்ளே ஏழே ஏழு இழை. அதில் நீலத்தைப் போட்டிருந்தார்கள். கிளிப்பைப் பிரித்து லென்ஸ் வைத்துப் பார்த்தபோது, தகட்டின் பிளவு அகலமாக இருந்ததால் வயரை இறுக்கிப் பிடிக்கவே இல்லை என்று தெரிந்தது. தோலில் ஒரு பக்கம் மட்டும் கீறல். அந்தக் கீறலுக்குள் ஓர் இழை மட்டும் தகட்டில் உரசி மினுமினுத்தது. மற்ற ஆறும் தோலுக்குள் பத்திரமாக இருந்தன. இத்தனை நாள் விளக்கு எரிந்தது அந்த ஓர் இழை தொட்டதால். தலைகீழாக, தடித்த வயருக்குச் சிறிய கிளிப் போட்டிருந்தால் இழைகளையே வெட்டியிருக்கும். சரியான அளவில் நல்ல தயாரிப்பு கிடைத்தால் பிழைக்கலாம். ஆனால் நூறு கிளிப் கொண்ட பெயரில்லாத டப்பாவில் வருவதை என் அம்மா உட்காரும் வண்டியில் இனி போட மாட்டேன்.

முறுக்கி டேப் சுற்றுவதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சென்னை வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் சாதாரண பிவிசி டேப்பின் பசை இளகி, டேப் தானாக அவிழ்ந்து, கையெல்லாம் பிசுபிசுக்கும். பிறகு வயர் வெறுமனே தொங்கும். வேண்டாம்.

சால்டரிங் என் மனதுக்கு மிகவும் பிடித்தது. பள்ளி நாளில் ரேடியோ பிரித்த கை. இரண்டு வயரையும் ஒன்றன் மேல் ஒன்று கொக்கி போலச் சுற்றி, ஈயம் உள்ளே ஊறும்வரை சூடு காட்டி, சூடு பட்டால் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டால், கரண்ட் போவதில் அதற்குக் குறை சொல்ல முடியாது. குறை ஈயம் முடியும் இடத்தில் இருக்கிறது. உருகிய ஈயம் இழைகளுக்கு நடுவே ஏறி, ஜாயின்ட்டைத் தாண்டியும் ஓரிரு மில்லிமீட்டர் வயரைக் கம்பி போல ஆக்கிவிடுகிறது. அசையும் வயர் அந்த எல்லையில்தான் மடங்கும், அங்கேதான் ஒடியும். நான் ஒரு துண்டை விரலால் முன்னும் பின்னும் மடக்கிப் பார்த்தேன்; ஈயம் நின்ற இடத்தில் சுத்தமாக ஒடிந்தது. ஜாயின்ட்டின் இரண்டு பக்கமும் வயரைக் கட்டி, அசையாமல் வைத்தால் இந்தப் பிரச்சினை வராது. ஆனால் டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, கார்பெட்டுக்கும் முகத்துக்கும் நடுவே சூடான இரும்பைப் பிடிப்பது எனக்குச் சரிப்படவில்லை.

நடுவில் ஈய வளையம் வைத்த ஒளிபுகும் ஸ்லீவ் ஒன்று வருகிறது. வீடியோவில் பார்க்க அழகு. ஹாட் ஏர் கன் இருந்தால் பரவாயில்லை. லைட்டரால் சூடு காட்டினால் ஸ்லீவ் கருகிய பிறகும் வளையம் பாதிதான் உருகுகிறது, வெளியே பார்த்தால் ஒட்டியது போலவே இருக்கும். மூன்று செய்தேன், இரண்டு இழுத்தவுடன் கையோடு வந்தது.

லீவர் கனெக்டர் என்பது ஆரஞ்சு நிறப் பிடி வைத்த, உள்ளே இருப்பது தெரியும் அந்தச் சின்னப் பிளாஸ்டிக் பெட்டி. வாகோ 221 வாங்கினேன். ஜெர்மன் கம்பெனி. பதினொரு மில்லிமீட்டர் தோல் உரித்து, பிடியைத் தூக்கி, வயரை நுழைத்து, பிடியை அமுக்கினால் முடிந்தது. மெல்லிய இழை வயரில் 0.14 முதல் 4 ஸ்கொயர் எம்எம் வரை பிடிக்கும். கருவி எதுவும் வேண்டாம், தப்பாகிவிட்டால் திரும்பத் திறக்கலாம், வயர் முழுசாக உள்ளே போயிருக்கிறதா என்று வெளியிலிருந்தே தெரியும். எந்த வயர் எது என்று கண்டுபிடிக்கும் நாளில் இதைவிட உதவியான பொருள் இல்லை. எல்லாவற்றையும் முதலில் இதில் இணைத்து, கதவைத் திறந்து மூடி ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தேன். நிரந்தரமாக வைக்காததற்குக் காரணம் இரண்டு. தண்ணீர் புகாத வகை அல்ல. மழையில் நனைந்த காலோடு ஏறும் வண்டியில் தரைக்கருகே அதை வைக்க மனம் வரவில்லை. அடுத்தது பருமன். ஹார்னஸோடு, அதாவது வண்டியின் வயர்க் கட்டோடு, சேர்த்துச் சுற்ற முடியாமல் தனியாகப் புடைத்து நிற்கிறது. இதே உருவத்தில் வரும் பெயரில்லாத நகல்களில் ஒன்றின் பிடி நாலாவது முறையே என் விரலில் உடைந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கடைசியாக நான் தங்கியது கிரிம்ப்பில். வயரைச் செம்புக் குழாய்க்குள் விட்டு நசுக்குவது. கடைகளில் இதைக் கட்டிங் பிளையரால் கடித்துவிடுவார்கள், அதனால்தான் கெட்ட பெயர். ராட்செட் வைத்த கிரிம்பிங் டூல் வாங்கினேன். முழு அழுத்தம் விழும்வரை அதன் வாய் திறக்காது, அதுதான் அதன் சிறப்பு. சிவப்புக் குழாய் 0.5 முதல் 1.5 ஸ்கொயர் எம்எம் வரைக்கு. என் வயர் அந்த வரம்பின் அடிமட்டத்தில் இருப்பதால், இரண்டு மடங்கு நீளம் தோல் உரித்து, செம்பை மடித்து நுழைத்தேன். இறுகலாக உட்கார்ந்தது. ஈயம் பூசிய முனையை மட்டும் கிரிம்ப் செய்யாதீர்கள். அழுத்தத்தில் ஈயம் நாளடைவில் நெகிழ்ந்து கொடுத்து, பிடி தளர்ந்துவிடும்.

உள்ளே பசை பூசிய ஸ்லீவ் கொண்ட கிரிம்ப் குழாய்தான் வாங்க வேண்டும். சூடு பட்டதும் ஸ்லீவ் சுருங்கி, இரண்டு ஓரத்திலும் பசை ஒரு மெல்லிய வளையமாகப் பிதுங்கி வரும். அந்த வளையம் முழுசாக வந்தால் ஈரம் புகாது என்று அர்த்தம். அந்தப் பசை வயரையும் பிடித்துக்கொள்வதால், குழாயின் ஓரத்தில் செம்பு மட்டும் தனியாக மடங்கும் நிலையும் வருவதில்லை. செய்து முடித்த ஒன்றைப் பால்கனிக் கொக்கியில் கட்டி, கீழே ஐந்து கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டேன். காலையில் அம்மா கோலம் போட எழுந்தபோதும் பை தொங்கிக்கொண்டுதான் இருந்தது. பிளையரால் கடித்த ஜாயின்ட் பையைத் தூக்கிவிட்ட கையை எடுப்பதற்குள் வழுக்கிவிட்டது.

பாசிட்டிவ் பக்கம் எந்த வயரையும் தொடவில்லை. ரூம் லாம்ப் பியூஸ் இருந்த இடத்தில் பியூஸ் டேப் (ஒட்டும் டேப் அல்ல, கூடுதல் வயர் எடுக்க உதவும் அடாப்டர்) செருகினேன். பழைய பியூஸும் விளக்குக்கான புதுப் பியூஸும் அதில் அருகருகே உட்காரும். பட்டை 5050 வகை, மீட்டருக்கு அறுபது பல்பு, 14.4 வாட். இரண்டு துண்டும் சேர்ந்து 60 சென்டிமீட்டர், ஆக 12 வோல்ட்டில் சுமார் 0.7 ஆம்பியர். 2 ஆம்பியர் பியூஸ் போதும். வாங்கும்முன் உங்கள் பியூஸ் மினியா, லோ புரொஃபைல் மினியா, மைக்ரோவா என்று உருவிப் பாருங்கள், ஒன்றின் டேப் மற்றதில் சரியாகச் சேரும் என்று நம்ப முடியாது. திசையும் முக்கியம். பியூஸை உருவிவிட்டு இரண்டு துளையையும் டெஸ்டரால் தொட்டால் ஒன்றில்தான் கரண்ட் இருக்கும். இரண்டு பியூஸுக்கும் பொதுவான கால் அந்தத் துளைக்குள் போக வேண்டும். திருப்பிச் செருகினாலும் விளக்கு எரியும், ஆனால் அதன் கரண்டும் பழைய பியூஸ் வழியாகவே ஓடும். இதை எந்தக் கடையிலும் எனக்குச் சொல்லவில்லை.

நெகட்டிவ் பக்கம் கதவு சுவிட்ச் வயரில் ஒரே ஒரு கிரிம்ப். என் வண்டியில் கதவு திறந்தால் அந்த வயர் எர்த் ஆகும், அதாவது வண்டியின் பாடியோடு இணையும், அதனால் இது நேரடியாக முடிந்தது. ரூம் லாம்ப்பைக் கம்ப்யூட்டர் மெல்ல மெல்ல அணைக்கும் புது வண்டிகளில் இப்படி இன்னொரு விளக்கின் சுமையை ஏற்றாதீர்கள். அங்கே ரிலே, அதாவது சிறு கரண்டில் இயங்கும் தனி சுவிட்ச், வைத்துச் செய்யத் தெரிந்தவரிடம் போங்கள். சீட்டுக்கு அடியில் மஞ்சள் உறை போட்ட வயரோ மஞ்சள் பிளக்கோ இருந்தால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது. அதைத் தொடவே கூடாது. டெஸ்டரால் பார்த்து முடித்ததும், பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள்.

சீட் முன்னும் பின்னும் நகரும் என்பதால் அங்கே மட்டும் பிரித்து மாட்டும் டூ-பின் பிளக் வைத்து, கொஞ்சம் தாராளமாக வயர் விட்டேன். ஹார்னஸைச் சுற்ற வண்டிக் கம்பெனிகள் பயன்படுத்துவது போன்ற துணி டேப் ஒரு சுருள் போதும். டெசா கம்பெனியில் கிடைக்கிறது, வெயிலில் பிசுபிசுப்பதில்லை.

ஏப்ரல், மே இரண்டு மாதமும் தாண்டிவிட்டது. ஜாயின்ட் ஒன்றுகூடச் சிணுங்கவில்லை. இடது பட்டையின் முதுகுப் பசை மட்டும் சூட்டில் விட்டுவிட்டது, அதை சீட் பிரேமில் இரண்டு கேபிள் டையால் கட்டியிருக்கிறேன். போன வெள்ளிக்கிழமை ராத்திரி அம்மா இறங்கும்போது கதவைத் திறந்தேன். செருப்பு ஒன்று நேராகவும் ஒன்று கவிழ்ந்தும் கிடந்தது தெளிவாகத் தெரிந்தது. குனிந்து அதை அவரே நிமிர்த்திப் போட்டுக்கொண்டார்.