இன்ஸ்டா பக்கத்தைப் பார்த்துக் கல்யாண ஃபோட்டோகிராஃபருக்கு அட்வான்ஸ் போடுமுன்

கல்யாணத்துக்கு ஃபோட்டோகிராஃபர் தேடுபவர்களைக் குறிவைத்து இன்ஸ்டாகிராமில் ஒரே மாதிரியான ஏமாற்று வேலை திரும்பத் திரும்ப நடக்கிறது. தேதி குறித்துவிட்டவர்கள் பணம் அனுப்புமுன் இதைப் படித்துவிடுங்கள்.

பக்கம் பார்க்க அருமையாக இருக்கும். ஆயிரக்கணக்கில் ஃபாலோயர்கள். விலை கேட்டு மெசேஜ் போட்டால், மற்றவர்கள் சொல்வதைவிடக் கணிசமாகக் குறைவாக ஒரு பேக்கேஜ் வரும். கூடவே, “அந்தத் தேதிக்கு இன்னும் ரெண்டு பேர் கேட்டிருக்காங்க, இன்னைக்கே பாதி போட்டீங்கன்னா உங்களுக்கு பிளாக் பண்ணி வெச்சிடறேன்” என்று அவசரப்படுத்துவார்கள். பணம் போன பிறகு சில கணக்குகள் உங்களை பிளாக் செய்துவிட்டு, பெயரை மாற்றிக்கொண்டு அடுத்த ஆளைத் தேடும். அதைவிடக் கொடுமை, கல்யாணத்தன்று முன்பின் தெரியாத ஒருவர் ஒற்றைக் கேமராவோடு வந்து நிற்பது. அந்த நேரத்தில் யார் அவரோடு மல்லுக்கட்டுவது? பிறகு வாரக்கணக்கில் இழுத்தடித்து, வாட்ஸ்அப்பில் நூறு படங்களை அனுப்பிவிட்டு ஆள் காணாமல் போய்விடுவார்.

பக்கத்தில் இருந்த படங்கள் பெரும்பாலும் வேறு யாரோ எடுத்தவை. வாட்டர்மார்க் இருக்கும் ஓரத்தை வெட்டியிருப்பார்கள். கூகுள் லென்ஸில் அந்தப் படத்தை வைத்துத் தேடினால் சிக்காமல் இருக்கப் படத்தை இடவலமாகத் திருப்பியும் போடுவார்கள். பின்னணியில் ஏதாவது பெயர்ப்பலகை இருந்தால் எழுத்தைப் பாருங்கள். கண்ணாடியில் தெரிவதுபோல் இருந்தால் திருப்பிய படம்தான். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, ஃபோனிலேயே மறுபடி திருப்பி, அப்புறம் லென்ஸில் தேடுங்கள்.

பக்கத்தின் மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தட்டினால், ‘இந்தக் கணக்கைப் பற்றி’ என்ற பகுதி வரும். கணக்கு தொடங்கிய மாதம், பெயர் மாற்றிய விவரம் எல்லாம் பொதுவாக அங்கே இருக்கும். டேக் செய்யப்பட்ட படங்களையும் பாருங்கள். உண்மையில் வேலை செய்கிறவரைக் கல்யாண ஜோடிகளும் மேக்கப் கலைஞர்களும் டேக் செய்திருப்பார்கள். அந்த இடம் காலியாக இருந்து, கமெண்ட்டும் பூட்டியிருந்தால் ஒதுங்கிவிடுவது நல்லது.

இதில் எதைத் தவறவிட்டாலும் ஒரு சோதனையை மட்டும் விட்டுவிடாதீர்கள். வீடியோ காலில் வரச்சொல்லி, அவர் பக்கத்தில் இருக்கும் ஒரு படத்தை நீங்களே காட்டி, அதன் ரா கோப்பையும் (கேமராவில் முதலில் பதிவான அசல் கோப்பு) அதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களையும் ஸ்க்ரீன் ஷேரில் திறக்கச் சொல்லுங்கள். எடுத்தவரிடம் கண் மூடிய படம், குறுக்கே ஆள் போன படம் எல்லாம் வரிசையாக இருக்கும். 24 மெகாபிக்சல் கேமராவின் ஒரிஜினல் 6000 x 4000 பிக்சல். இன்ஸ்டாவிலிருந்து இறக்கிய படமோ பொதுவாக 1080 பிக்சல் அகலம்தான். திருடியவரால் இந்த வரிசையைக் காட்டவே முடியாது. பழைய கல்யாணம் என்பதால் அழித்துவிட்டேன் என்றால், போன மாதம் எடுத்ததைக் கேளுங்கள்.

படம் அவருடையதேதான் என்றாலும், உங்கள் கல்யாணத்துக்கு வரப்போவது அவர்தானா? ஒப்பந்தத்தில் எடுப்பவரின் பெயரை எழுதி வாங்குங்கள். அவருக்கு உடம்பு முடியாவிட்டால் யார் வருவார், எத்தனை கேமரா, இரண்டு மெமரி கார்டில் ஒரே நேரத்தில் பதிவாகுமா, எடிட் செய்த படங்கள் எத்தனை, எந்தத் தேதிக்குள் தருவார் என்பதும் அதில் இருக்கட்டும். பணம் வாங்கும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒப்பந்தத்தில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கவேண்டும். ‘நண்பர் கணக்கில் போடுங்கள்’ என்றால் போடாதீர்கள்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும். 18 அங்குல ஆல்பம் பக்கம் அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம் தெளிவாக அச்சாக 5400 பிக்சல் வேண்டும். அந்த 1600-ஐ வைத்து அச்சிட்டால் அங்குலத்துக்கு 90கூடத் தேறாது, முகங்கள் கலங்கித் தெரியும். கூகுள் டிரைவ் லிங்க்கையும் நம்பி இருக்காதீர்கள். 3000 ரா படங்கள் என்றால் ஒவ்வொன்றும் 25 முதல் 30 எம்பி வரை, மொத்தம் 75 முதல் 90 ஜிபி. கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. இடம் போதாமல் அவர் அழித்தால் லிங்க்கில் ஒன்றும் இருக்காது. ஹார்ட் டிஸ்க்கில் வாங்கி, நாலைந்து கோப்புகளைத் திறந்து பார்த்து, இன்னொரு பிரதி எடுத்தபின் கடைசித் தவணையைக் கொடுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்துவிட்டீர்கள் என்றால் கோபத்தில் சாட் மெசேஜ்களை அழித்துவிடாதீர்கள். பக்கம், பெயர், பணம் அனுப்பிய பரிவர்த்தனை எண் எல்லாவற்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, அன்றைக்கே வங்கிக்கும் சைபர் கிரைம் காவல் பிரிவுக்கும் சொல்லுங்கள். அந்தப் படங்களை உண்மையில் எடுத்தவரைக் கண்டுபிடித்தால் அவருக்கும் தெரிவியுங்கள். இன்ஸ்டாகிராமில் காப்புரிமைப் புகார் கொடுக்க அவருக்கோ அவருடைய பிரதிநிதிக்கோ மட்டும்தான் உரிமை உண்டு.