கணினியின் பவர் சப்ளையைச் சத்தமில்லாமல் ஆக்கித் தருகிறோம் என்பவர்களிடம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்

அப்படிச் சொன்ன ஒருவரிடம் என் அரை மாதச் சம்பளம் போய்விட்டது. நேற்று இரவுதான் அந்த ஆளிடமிருந்து கடைசிப் பதில் வந்தது. ஆறிய பிறகு எழுதலாம் என்று நினைத்தேன். ஆனால் அவருடைய விளம்பரம் இன்றும் அதே இடத்தில் இருக்கிறது, அதற்குக் கீழே இன்னொருவர் விலை கேட்டிருக்கிறார். அதைப் பார்த்த பிறகு பொறுத்திருக்க முடியவில்லை.

என்னுடையது பத்து லிட்டருக்கும் குறைவான கொள்ளளவு உள்ள சிறிய கணினி. குரல் பதிவும் காணொளித் தொகுப்பும்தான் என் தொழில் என்பதால் அது மேசையின் மேல், மைக்கிலிருந்து கை எட்டும் தூரத்தில் இருக்கிறது. அதிலுள்ள பவர் சப்ளை, அதாவது கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி, எஸ்எஃப்எக்ஸ் என்னும் சிறிய வகையைச் சேர்ந்தது: 125 மில்லிமீட்டர் அகலம், 100 நீளம், உயரம் வெறும் 63.5. அந்த உயரத்துக்குள் சர்க்யூட் போர்டும், வெப்பம் கடத்தும் தகடுகளும், மின்தேக்கிகளும் போக மிஞ்சும் இடத்தில் 15 மில்லிமீட்டர் தடிமனுள்ள மெல்லிய விசிறிதான் பொருந்தும். பெரிய விசிறி நிதானமாகச் சுழன்று தள்ளும் காற்றை, இதிலுள்ள 92 மில்லிமீட்டர் அகல விசிறி தள்ள வேண்டுமானால், அது மிக வேகமாகச் சுழன்றாக வேண்டும். அந்த இரைச்சல் என் ஒவ்வொரு பதிவிலும் விழுந்தது. பிறகு மென்பொருளால் அதை நீக்கினால் என் குரலின் உயிரும் சேர்ந்து போனது.

பழைய பொருள்களையும் பழுதுபார்க்கும் சேவைகளையும் விற்கும் ஓர் இணையத் தளத்தில் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். பவர் சப்ளையைக் கூரியரில் அனுப்பினால் உள்ளே இருக்கும் விசிறியை மாற்றி அமைதியாக்கித் திருப்பி அனுப்புவதாகப் போட்டிருந்தார். நான் உடனே நம்பிவிடவில்லை. நான்கு நாள் கேள்வி கேட்டேன். அவர் சொன்ன பதில்களில் இன்றைக்கும் என்னால் ஒரு தவறு காட்ட முடியாது. பவர் சப்ளைக்குள் இருக்கும் விசிறி பெரும்பாலும் இரண்டு கம்பிகளோடு வரும், அதன் வேகத்தை உள்ளிருக்கும் சுற்று மின்னழுத்தத்தைக் கூட்டியும் குறைத்துமே கட்டுப்படுத்துகிறது, அதனால் குறைந்த மின்னழுத்தத்திலேயே சுழலத் தொடங்கும் விசிறியாகப் பார்த்துப் போட வேண்டும் என்று அவரே விளக்கினார். மின்சுருள்களிலிருந்து வரும் கீச்சொலி விசிறியை மாற்றினால் போகாது, அது உங்களுக்கு இருந்தால் என்னிடம் அனுப்பாதீர்கள் என்றுகூடச் சொன்னார். அந்த ஒரு வார்த்தையில்தான் நான் விழுந்தேன். வேலை வேண்டாம் என்று தானே சொல்லும் மனிதர் ஏமாற்ற மாட்டார் என்று நினைத்துவிட்டேன்.

தளத்தின் வழியாகப் பணம் செலுத்தினால் கமிஷன் போய்விடும், நேரடியாக அனுப்பினால் அந்தத் தொகையையும் சேர்த்து இன்னும் நல்ல விசிறியாகப் போட்டுத் தருகிறேன் என்றார். அனுப்பினேன். விசிறியின் விலை, அவருடைய கூலி, இருவழிக் கூரியர் எல்லாம் சேர்த்து என் அரை மாதச் சம்பளம்.

எட்டு நாள் கழித்து ஒரு காணொளி அனுப்பினார். பவர் சப்ளை ஓடிக்கொண்டிருக்க, பக்கத்தில் ஒரு கைபேசி, அதில் ஒலி அளக்கும் செயலி, திரையில் மிகச் சிறிய எண். பார்த்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அந்தப் பவர் சப்ளை எவ்வளவு சுமையில், அதாவது எவ்வளவு மின்சாரம் கொடுத்தபடி ஓடுகிறது என்று கேட்கத் தோன்றவே இல்லை. சுமை இல்லாத பவர் சப்ளை பெரும்பாலும் அமைதியாகத்தான் இருக்கும், சிலவற்றில் சுமை ஏறும் வரை விசிறி சுழலக்கூட ஆரம்பிக்காது என்பது எனக்குத் தெரிந்த விஷயம்தான். தெரிந்திருந்தும் கேட்கவில்லை.

பவர் சப்ளை திரும்பி வந்தது. கணினிப் பெட்டியில் பொருத்திய முதல் நாள் உண்மையிலேயே சத்தம் இல்லை. இரண்டாம் நாள் தொகுத்து முடித்த ஒரு நீண்ட காணொளியை இறுதிக் கோப்பாக மாற்றப் போட்டேன். இருபதாவது நிமிடத்தில் கணினி பட்டென்று அணைந்தது. மேல் தகட்டில் கை வைக்க முடியாத சூடு. ஆறவிட்டு மறுபடி போட்டேன், மறுபடியும் அணைந்தது. மறுநாள் காலையில் ஒப்படைக்க வேண்டிய வேலையைக் கொடுக்க முடியாமல், வாடிக்கையாளரிடம் பேச்சு வாங்கியது தனிக் கதை.

மின்னணுப் பழுது பார்ப்பதையே தொழிலாக வைத்திருக்கும் என் நண்பர் மின்இணைப்பை நீக்கி, நெடுநேரம் விட்டு வைத்து, மின்தேக்கியில் மின்னேற்றம் இறங்கிவிட்டதை மீட்டரால் உறுதி செய்துகொண்ட பிறகு அதைத் திறந்தார். விசிறிக்குப் போகும் கம்பியை நடுவில் வெட்டி, ஒரு மின்தடையத்தைச் சேர்த்து, சாலிடர்கூட வைக்காமல் முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். அந்த அமைதியின் ரகசியம் அவ்வளவுதான். உள்ளிருக்கும் சுற்று சூட்டை உணர்ந்து விசிறிக்கு மின்னழுத்தத்தைக் கூட்டும்போதெல்லாம் அந்த மின்தடையம் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டது. குறைந்த மின்னழுத்தத்தில் விசிறி சுழலவே தொடங்கவில்லை, உச்ச மின்னழுத்தத்திலும் அரைகுறை வேகத்தில்தான் ஓடியது. விசிறியின் மேல் பெயர் பெற்ற ஒரு நிறுவனத்தின் ஒட்டுத்தாள் இருந்தது. நண்பர் அதன் ஓரத்தை நகத்தால் தூக்கினார், அடியில் வேறொரு மலிவான விசிறியின் ஒட்டுத்தாள். உள்ளே சாதாரண ஸ்லீவ் பேரிங், அதாவது விசிறியின் அச்சு எண்ணெய்ப் பூச்சில் சுழலும் எளிய வகை, இந்தச் சூட்டில் அதன் எண்ணெய் சீக்கிரம் வறண்டுவிடும் என்றார். சரியான விசிறியை எப்படித் தேர்வது என்று எனக்குப் பாடம் நடத்திய அதே மனிதர், தான் செய்யக் கூடாது என்று சொன்ன எல்லாவற்றையும் தெரிந்தே செய்திருக்கிறார்.

இது வெறும் சத்தப் பிரச்சினை இல்லை. 90 சதவீதத் திறனுள்ள பவர் சப்ளை 300 வாட் கொடுக்கும்போது சுமார் 33 வாட் வெப்பமாகவே அதற்குள் தங்குகிறது. ஒரு செங்கல் அளவுள்ள பெட்டிக்குள் அந்த வெப்பத்துக்குக் காற்று மட்டுமே வழி. அதிக வெப்பத்தில் தானே அணைந்துகொள்ளும் பாதுகாப்பு இருந்ததால்தான் என் வீட்டில் எதுவும் நடக்கவில்லை. அது இல்லாத மலிவான பவர் சப்ளையை அவரிடம் அனுப்பியவர்களை நினைத்தால் பயமாக இருக்கிறது.

இனி அவர் தட்டிக்கழித்த கதை. முதலில், புது விசிறி பழக ஒரு வாரம் ஆகும் என்றார். அடுத்து, உங்கள் கிராஃபிக்ஸ் கார்டு அதிக மின்சாரம் இழுக்கிறது என்றார். படங்களை அனுப்பியதும், வழியில் யாரோ திறந்திருக்கிறார்கள் என்றார். என் அசல் விசிறியையாவது திருப்பித் தாருங்கள் என்று கேட்டேன், அதை அப்போதே தூக்கிப் போட்டுவிட்டதாகச் சொன்னார். அரை மாதச் சம்பளம் கொடுத்திருக்கிறேன் என்று எழுதினேன். நேற்று இரவு வந்த பதில் ஒரே வரி: நீங்கள் கேட்டது அமைதி, அதைக் கொடுத்துவிட்டேன்.

தளத்தில் புகார் கொடுத்தேன். பணம் தங்கள் வழியாக வரவில்லை, ஆகவே தங்களுக்குப் பொறுப்பில்லை என்று ஆயத்த பதில் ஒன்று வந்தது. பவர் சப்ளையைத் தயாரித்த நிறுவனத்துக்கும் எழுதினேன். இன்னும் ஐந்து ஆண்டு வாரண்டி மீதம் இருந்தது, சீல் உடைந்ததால் அது செல்லாது என்றார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, அவர்கள் சொல்வது நியாயம். ஆக, அரை மாதச் சம்பளம் போனதோடு நல்ல நிலையில் இருந்த ஒரு பவர் சப்ளையும் போனது.

சிறிய கணினியை அமைதியாக்கும் வழிகளை விரிவாக எழுத உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். பணத்தைத் தளத்துக்கு வெளியே அனுப்பாதீர்கள். காணொளி காட்டினால் முழுச் சுமையில் அரை மணி நேரம் ஓடுவதைக் காட்டச் சொல்லுங்கள். அசல் விசிறியைத் திருப்பித் தர மறுப்பவரிடம் அனுப்பாதீர்கள். பெட்டியில் இடம் இருந்தால் விசிறி மாற்றும் எண்ணத்தையே விட்டுவிட்டு, 130 மில்லிமீட்டர் நீளமும் 120 மில்லிமீட்டர் விசிறியும் கொண்ட எஸ்எஃப்எக்ஸ்-எல் வகையைப் பாருங்கள், நான் கொடுத்த பணத்தை அதில் போட்டிருக்கலாம். கோபத்தில் நீங்களே திறந்துவிடாதீர்கள், உள்ளே இருக்கும் பெரிய மின்தேக்கியில் 380 வோல்ட் அளவுக்கு மின்னேற்றம் நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உடனே இறங்காது.