கச்சான் காற்றில் ஒரு 285 கிராம் மட்டை

வில்சன் பிளேடு 100எல் டென்னிஸ் மட்டை, எட்டாம் பதிப்பு. மாசி மாதம் சென்னையில் இருக்கும் சித்தப்பா மகனிடமிருந்து 9,000 ரூபாய்க்கு வாங்கினேன், அவன் ஒரு வருடம் ஆடிய மட்டை. வாங்கிய உடனே எழுதியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன். பாம்பனுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் மண்டபம் ஊரில் எந்த மட்டையைப் பற்றியும் கச்சான் காலம், அதாவது தென்மேற்குக் காற்றுக் காலம், முடியாமல் பேசக்கூடாது, அது இப்போதுதான் முடிந்திருக்கிறது.

முதலில் கணக்கு. கட்டிங் போடாமல், அதாவது நரம்பு கட்டாமல், 285 கிராம், தலை 100 சதுர அங்குலம், நீளம் வழக்கமான 27 அங்குலம், நெடுக்கே 16 குறுக்கே 19 நரம்பு, சட்டத்தின் தடிமன் 22 மில்லிமீட்டர். இந்தக் கடைசி எண்ணைப் பலர் பார்ப்பதே இல்லை. பவர் மட்டைகளில் சட்டம் 26 மில்லிமீட்டர் வரை தடித்திருக்கும், அது லேசில் வளையாது, வந்த வேகத்தைப் பந்துக்கே திருப்பிக் கொடுத்துவிடும். ஒல்லிச் சட்டம் பந்து படும்போது கொஞ்சம் வளைந்து கொடுக்கும், அதனால் பந்து தானாகப் பறக்காது, கை எவ்வளவு போகிறதோ அவ்வளவுதான் பந்தும் போகும். இந்தப் பதிப்பு வந்தது 2021இல். 2024இல் ஒன்பதாம் பதிப்பு வந்துவிட்டதால் பழையது கைமாறும் விலை இறங்கியிருக்கிறது, தேடுகிறவர்களுக்கு இது நல்ல நேரம்.

சரி, எங்கள் ஊர்க் கதைக்கு வருகிறேன். வைகாசி தொடங்கிவிட்டால் கச்சான் தென்மேற்கிலிருந்து நிற்காமல் அடிக்கும். காற்று மிஞ்சினால் பாம்பன் பாலத்தில் ரயிலையே நிறுத்தி வைக்கிற ஊர் இது. கோர்ட் வடக்கு தெற்காகக் கிடக்கிறது, காற்று குறுக்கே கோணலாக வருகிறது, அறுபது கிராம்கூட இல்லாத ஒரு பந்து அதற்குள் நேராகப் போக வேண்டும். நீங்கள் கால் வைத்து, மட்டையைப் பின்னால் இழுத்து, எல்லாம் சரியாக முடித்த பிறகு பந்து ஒரு சாண் தள்ளி வந்து இறங்கும். என் பழைய மட்டை 305 கிராம், நல்ல மட்டைதான், ஆனால் வீச ஆரம்பித்துவிட்டால் பாதியில் திருப்ப முடியாது. இதில் கடைசி நொடியில் மணிக்கட்டைக் கொஞ்சம் இழுத்துக்கொள்ள முடிகிறது. தலை பெரிதாக இருப்பதால் நடுவில் படாத பந்தும் வலையைத் தாண்டிவிடுகிறது. ஆடி மாதக் காற்றில் ஒரு செட்டுக்கு நான் வெளியே அடிக்கும் பந்துகள் கண்கூடாகக் குறைந்தன.

என்னோடு ஆடும் அண்ணன் ஒருவர், மீன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறார், வயது ஐம்பதை நெருங்குகிறது, அடித்தால் இடி மாதிரி அடிப்பார். ஒரு நாள் சாயங்காலம் காற்றுக்கு எதிராக அவருடைய பேக்ஹேண்ட் மூலையில் பந்தின் அடிப்பக்கத்தைச் சீவி ஒரு ஸ்லைஸ் போட்டேன். பந்து கோட்டுக்கு ஒரு ஜாண் உள்ளே இறங்கி, எழும்பாமல் அப்படியே வழுக்கிக்கொண்டு போனது. குனிந்து எடுத்தவர் பந்தைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, நீ இதை அடிக்கலப்பா, வச்சிருக்க" என்றார். இந்த மட்டையைப் பற்றி நான் சொல்ல நினைப்பது முழுக்க அந்த ஒரு வார்த்தையில் இருக்கிறது. பந்தை வைக்கலாம். எதிராளி தலைக்கு மேல் தூக்கிப் போடும் லாப், வலையைத் தாண்டியதும் விழ வைக்கும் டிராப், ஸ்லைஸ், வலையோரத்தில் நின்று தடுப்பது, எல்லாமே கைக்குள் இருக்கிறது. ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 இரண்டு வருடமும் விம்பிள்டன் அரையிறுதிக்குப் போனது இந்தக் கைப்பக்குவத்தால்தான் என்று அப்பா சொல்லிச் சொல்லியே என்னை டென்னிஸுக்கு இழுத்தார். அந்தக் கால மர மட்டை நானூறு கிராமை நெருங்கும், அதைத் தூக்கிக்கொண்டு அப்படி ஆடியிருக்கிறார் என்பதை நினைத்தால் இன்னும் மலைப்பாக இருக்கிறது.

பலமான அடி வரும்போது என்ன ஆகிறது என்பதையும் சொல்ல வேண்டும். அண்ணன் முழு வேகத்தில் அடிக்கும் சர்வைத் தடுக்கும்போது மட்டை கையில் லேசாகத் திரும்புகிறது. எடை குறைந்த எந்த மட்டைக்கும் இது உண்டு, எதிரே வருகிற கனத்தைத் தாங்க இந்தப் பக்கம் கனம் வேண்டாமா? இதற்கு ஈயப் பட்டை ஒட்டுவார்கள். இங்கே கடையில் கிடைக்கவில்லை, ஆனால் நாம் இருப்பது கடற்கரை. மீன் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு ஒன்றை வாங்கி, சுத்தியலால் தட்டித் தகடாக்கி, நகைக்கடைத் தராசில் மூன்று மூன்று கிராமாக நிறுத்து வெட்டினேன். கடிகாரத்தில் மூன்று மணி, ஒன்பது மணி இருக்கும் இடங்களில், சட்டத்தின் உட்புறம் ஒட்டி, மேலே துணி டேப் சுற்றிவிட்டேன். ஆறு கிராம்தான். திரும்புவது பாதிக்கு மேல் குறைந்துவிட்டது, வேகமாக வீசும் சுகமும் போகவில்லை. யாராவது செய்வதாக இருந்தால், ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சாப்பிட உட்கார வேண்டும், டேப் சுற்றாமலும் விடக்கூடாது.

கட்டிங் விஷயத்தில் நான் பட்ட பாடு தனி. இங்கே மிஷின் வைத்துக் கட்டிங் போடுகிற ஆள் எனக்குக் கிடைக்கவில்லை, மதுரைக்குக் கொடுத்துவிட்டேன். ஒரு கடையில் என்னிடம் எதுவும் கேட்காமல் விறைப்பான பாலியெஸ்டர் நரம்பை 58 பவுண்டில் இழுத்துக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். ஏற்கெனவே கட்டுப்பாட்டுக்காகச் செய்த மட்டை, அதில் இவ்வளவு இறுக்கம் போட்டால் பந்து எப்படிப் போகும்? பேஸ்லைனிலிருந்து அடித்தால் சர்வீஸ் கோட்டுக்கு உள்ளேயே விழுந்தது, ஆழமாகப் போடக் கையை முறுக்கி முறுக்கி மூன்றே வாரத்தில் முழங்கையில் வலி. அப்புறம் அதை வெட்டி எறிந்துவிட்டு, மல்டிஃபிலமென்ட் நரம்பு (மெல்லிய இழைகள் பல சேர்த்த மென்மையான நரம்பு), 50 பவுண்டு என்று காகிதத்தில் எழுதி மட்டையோடு கட்டி அனுப்பினேன். வேறு மட்டை மாதிரி திரும்பி வந்தது. பந்து கொஞ்ச நேரம் நரம்பில் தங்கிப் போவது கைக்குத் தெரிகிறது, வலியும் போய்விட்டது. மாட்டுக் குடலில் செய்யும் இயற்கை நரம்பு இதைவிட மென்மையானது, ஆனால் ஈரக்காற்று அதற்கு ஆகாது, நம் கடற்கரைக்கு வேண்டாம்.

இன்னொன்று கிரிப். உப்புக்காற்றும் வியர்வையும் சேர்ந்து இரண்டு மணி நேரத்தில் கைப்பிடி பாசி பிடித்த படி மாதிரி வழுக்கும். நான் கைப்பிடிமேல் சுற்றும் ஓவர்கிரிப்பை வாரம் ஒருமுறை மாற்றுகிறேன், ஒரு துண்டை எப்போதும் இடுப்பில் செருகியிருக்கிறேன்.

யாருக்கு வாங்கச் சொல்வேன்? தோளோ முழங்கையோ தொந்தரவு கொடுப்பவர்கள், பெரிய மட்டைக்கு மாறப்போகும் பதினான்கு பதினைந்து வயதுப் பிள்ளைகள், வாரத்தில் மூன்று நாள் ஆடி, அடிப்பதைவிட இடம் பார்த்துப் போடுவதில் ஆசை உள்ளவர்கள், இவர்களுக்குத் தயங்காமல் சொல்வேன். முதல் சர்விலேயே பாயிண்டை முடித்துவிட வேண்டும் என்பவர்களுக்கு இது ஒத்துவராது. மட்டையே தங்களுக்காக வேகம் கொடுக்கும் என்று எதிர்பார்ப்பார்கள், இது கொடுக்காது.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் இதை வாங்கி ஒரு செட் ஆடினார். முதல் நான்கு கேம் எல்லாம் வலையில். ஐந்தாவதில் அவசரத்தை விட்டுவிட்டு என் தலைக்கு மேல் ஒரு லாப் போட்டார், பின்கோட்டில் விழுந்தது. செட் முடிந்ததும் மட்டையைத் திருப்பிக் கொடுக்காமல் நரம்பைத் தட்டிப் பார்த்துக்கொண்டே, "ஒன்பதாயிரம்னா சொன்ன?" என்று கேட்டார்.