எச்சரிக்கை: வைஃபை போட வருபவரை ஒப்புதல் கொடுத்து அனுப்பும் முன்

முதல்முறையாக வீட்டுக்கு வைஃபை வைத்தேன். ஐந்து வாரத்துக்குள் தேவையில்லாத ஒரு கருவியை வாங்கினேன், தேவையில்லாத பெரிய திட்டத்துக்கு மாறினேன், இரண்டு முறை வருகைக் கட்டணமும் அழுதேன். கடைசியில் கோளாறு இருந்த இடம் ஒரு முழ நீளக் கேபிள். நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. எனக்கு நடந்தது வேறு பெயர்ப்பலகையின் கீழும் நடக்கக்கூடியதுதான்.

வந்த டெக்னீஷியன் இருபது நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டார். இணைப்பு வந்து சேரும் மோடம் கூடத்து மூலையில் இருந்தது. அதை வைஃபையாகப் பரப்பும் ரவுட்டரை மோடத்தின் பக்கத்திலேயே, இரும்பு அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே, தரையில் வைத்தார். கொஞ்சம் மேலே, நடைவழியில் வைக்கலாமே என்று கேட்டேன். "கேபிள் எட்டாது சார், இங்கேயே நன்றாக வரும்" என்றார். தன் கைப்பேசியை ரவுட்டரின் தலைக்கு மேல் பிடித்து வேகத்தைச் சோதித்துக் காட்டினார். நொடிக்கு 94 மெகாபிட். நான் எடுத்திருந்த திட்டம் 200. மீதி எங்கே என்றதற்கு, "வைஃபையில் பாதிதான் வரும் சார், எல்லா வீட்டிலும் அப்படித்தான்" என்று பதில் வந்தது. விஷயம் தெரியாதவன் என்ன செய்வான்? தலையாட்டினேன். பணி நிறைவடைந்தது, திருப்தி என்று என் கைப்பேசியில் வந்த பொத்தானை அவர் சொன்னபடி அழுத்தினேன். அந்த ஒரு அழுத்தல் பிறகு என்னை எப்படிக் கட்டிப்போட்டது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

பின்னறையில் இணையம் கிட்டத்தட்ட இல்லை. புகார் செய்தேன். மீண்டும் அவரே வந்தார். சுவர் கனமாக இருக்கிறது என்று விரல் முட்டியால் தட்டிக் காட்டிவிட்டு, பையிலிருந்து ஒரு ரிப்பீட்டரை எடுத்தார். ரவுட்டரின் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் சிறு கருவி அது. அதைப் பின்னறையின் கோடியில் இருந்த சாக்கெட்டில் செருகினார். உடனே என் கைப்பேசியில் சிக்னல் கோடுகள் எல்லாம் நிறைந்தன. பணத்தைக் கொடுத்து அனுப்பினேன்.

அந்தக் கோடுகள்தான் என்னை ஏமாற்றின. அவை காட்டுவது கைப்பேசிக்கும் ரிப்பீட்டருக்கும் இடையே உள்ள உறவை மட்டும். ரிப்பீட்டருக்கு ரவுட்டரிலிருந்து என்ன வந்து சேருகிறது என்பது அதில் தெரியாது. சிக்னலே எட்டாத அறையின் கோடியில் ரிப்பீட்டர் வைப்பது வறண்ட கிணற்றில் மோட்டார் இறக்குவதற்குச் சமம். அதை வைப்பதானால் சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் பாதி வழியில் வைக்க வேண்டும். அப்படி வைத்தாலும், ஒரே அலைவரிசையில் கேட்டுக்கொண்டு அதிலேயே திருப்பிச் சொல்லும் மலிவு வகை, வேகத்தில் ஏறக்குறைய பாதியைத் தின்றுவிடும். எனக்கு விற்கப்பட்டது அந்த வகை.

படம் நின்று நின்று ஓடியது. மூன்றாவது முறை தொலைபேசியில் பேசியவர், "உங்கள் பயன்பாட்டுக்கு 200 போதாது, 300க்கு மாறுங்கள்" என்றார். மாறினேன். அன்று மாலை ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்று சோதித்தேன். 94. மறுநாள் காலை 93.8. நள்ளிரவில் 94.1.

இங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. வைஃபை வேகம் என்பது நிலையில்லாதது. நீங்கள் திரும்பி நின்றால் மாறும், அடுத்த வீட்டுக்காரர் படம் பார்க்கத் தொடங்கினால் மாறும், மைக்ரோவேவ் அடுப்பு ஓடினாலும் மாறும். திட்டத்தை உயர்த்திய பிறகும் ஒரே எண்ணில் ஆணி அடித்தது போல நிற்கிறது என்றால், காற்றைத் தவிர வேறு ஏதோ ஒன்று பிடித்து நிறுத்துகிறது. தேடிப் படித்தபோது அந்த எண்ணுக்கே ஒரு பொருள் இருப்பது தெரிந்தது. 100 மெகாபிட் கம்பி இணைப்பு ஒன்றில் தகவலோடு ஒட்டிக்கொண்டு போகும் முகவரி முதலிய சுமைகள் கழிந்து, சோதனையில் கிடைப்பது சுமார் 94. அதாவது என் வீட்டில் எங்கோ ஒரு கண்ணி 100க்கு மேல் விடமாட்டேன் என்கிறது.

மடிக்கணினியைக் கம்பி வழியாக ரவுட்டரில் இணைத்தேன். அதே 94. வைஃபை மேல் பழியில்லை என்பது அந்த நிமிடமே உறுதியாயிற்று. பிறகு கடனாக வாங்கிய ஒரு நல்ல கேபிளால் மடிக்கணினியை நேரே மோடத்தில் செருகினேன். 290ஐத் தாண்டியது. ரவுட்டரின் துளைகள் ஜிகாபிட், அதாவது 1000 மெகாபிட் வரை தாங்கும் என்று பெட்டியில் அச்சாகியிருந்தது. மிஞ்சியது மோடத்துக்கும் ரவுட்டருக்கும் நடுவே டெக்னீஷியன் போட்ட அந்தக் குட்டைக் கேபிள்.

அதைப் பிடுங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். நுனியில் இருக்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் முனைக்குள் எட்டுப் பொன்னிறத் தகடுகள். அவற்றின் கீழ் எட்டு வண்ணக் கம்பிகள் வரிசையாக வந்து நிற்க வேண்டும். இதில் ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை மூன்றும் ஒட்டி நின்றன. பிறகு இரண்டு இடம் காலி. பிறகு தனியாக ஒரு பச்சை. அதற்கப்புறம் மீண்டும் காலி. நீலமும் பழுப்பும் உறையின் வாயிலேயே வெட்டப்பட்டு, துண்டுகள் லேசாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி, அதாவது நான்கு கம்பி போதும். ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். நான்கில் நிறுத்தினால் இரு கருவிகளும் சத்தமில்லாமல் 100க்கு இறங்கி ஒத்துப்போய்விடும். எச்சரிக்கை விளக்கு எதுவும் எனக்கு எரியவில்லை.

இன்னொரு வயிற்றெரிச்சல்: ரவுட்டர் பெட்டியின் பக்கவாட்டில் அச்சிட்ட பொருள் பட்டியலில் ஒரு கேபிளும் உண்டு. பெட்டிக்குள் அது இல்லை. முதல் நாளே எண்ணிப் பார்த்திருக்க வேண்டியவன் நான். அதே பெட்டியின் முகப்பில் பெரிதாக 1200 என்று இருப்பதையும் நம்பிவிடாதீர்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867 என்று ஏட்டளவில் உள்ள இரண்டையும் கூட்டி, முழு எண்ணாக்கிப் போட்டது அது. ஒரு கைப்பேசிக்கு அத்தனையும் ஒருசேரக் கிடைக்காது.

மூன்று மீட்டர் நீளத்தில் எட்டுக் கம்பியும் உள்ள கேபிள் ஒன்றை வாங்கினேன். ரவுட்டரைத் தரையிலிருந்து எடுத்து, நடைவழியில் நெஞ்சு உயரத்தில், இரும்பு எதுவும் மறைக்காத இடத்தில் வைத்தேன். பக்கத்தில் நின்று பார்த்தால் 280க்கு மேல். பின்னறையில் 110. ரிப்பீட்டரைக் கழற்றிவிட்டுத்தான் சோதித்தேன்.

வேகம் போனால் நேரம்தான் போகும். அடுத்துப் பார்த்ததுதான் எனக்குப் பயத்தைத் தந்தது. ரவுட்டரின் அமைப்புகளை மாற்ற உதவும் நிர்வாகப் பக்கத்துக்கான கடவுச்சொல்லை முதல் நாள் டெக்னீஷியனிடம் கேட்டதற்கு, "அது நிறுவன ரகசியம், நீங்கள் தொட்டால் கெட்டுவிடும்" என்று சொல்லியிருந்தார். ரவுட்டரை இடம் மாற்றும்போது கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் ஒட்டிய தாளில் நிர்வாகப் பக்கத்தின் முகவரி, பயனர்பெயர் அட்மின், கடவுச்சொல் அட்மின். ரகசியம் அவ்வளவுதான். தட்டியதும் திறந்துகொண்டது.

உள்ளே, வெளி இணையத்திலிருந்தே இந்தப் பக்கத்தைத் திறக்கலாம் என்ற தொலைநிலை நிர்வாக வசதி இயங்கிக்கொண்டிருந்தது. அட்மின் அட்மின் என்ற பூட்டோடு. வைஃபையின் பெயராக என் பெயரும் வீட்டு எண்ணும், கடவுச்சொல்லாக என் கைப்பேசி எண். தெருவில் நிற்பவருக்கு வேறு துப்பே வேண்டாம். வைஃபை கடவுச்சொல் இல்லாமலேயே ஒரு கருவியைச் சேர்க்க உதவும் டபிள்யூபிஎஸ் என்ற எட்டு இலக்கக் குறியெண் வசதியும் இயங்கியது. எட்டு இலக்கம் என்றால் கோடிக்கணக்கில் முயல வேண்டும் என்று தோன்றும். ரவுட்டரோ முதல் நான்கு சரியா என்பதைத் தனியாகச் சொல்லிவிடும், கடைசி இலக்கம் மற்றவற்றைச் சரிபார்க்கும் கணக்கு மட்டுமே. ஆக முதல் நான்குக்கு 10,000, அடுத்த மூன்றுக்கு 1,000, அதிகபட்சம் 11,000 முயற்சி. இந்த ஓட்டை 2011லேயே அம்பலமானது.

தொலைநிலை நிர்வாகத்தையும் டபிள்யூபிஎஸ்ஸையும் நிறுத்தினேன். நிர்வாகக் கடவுச்சொல்லையும் வைஃபை கடவுச்சொல்லையும் நீளமாக, வெவ்வேறாக மாற்றினேன். வைஃபையைப் பூட்டும் பாதுகாப்பு வகையை டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் சேர்ந்ததில் வைத்தேன். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். உங்கள் வீட்டுக்கு ஆள் வரும்போது இதை அவர் எதிரிலேயே செய்யுங்கள். மடிக்கணினியைக் கம்பியில் இணைத்து உங்கள் திட்டத்தின் எண் வருகிறதா என்று பார்த்த பிறகு வைஃபைக்குப் போங்கள். ஒப்புதல் பொத்தானை அதுவரை தொட வேண்டாம்.

படங்களோடு புகார் அனுப்பினேன். பணி திருப்தி என்று நீங்களே ஒப்புதல் அளித்திருக்கிறீர்கள், ரிப்பீட்டரின் உறையும் பிரிக்கப்பட்டுவிட்டது, ஆகவே எதையும் திருப்பித் தர இயலாது என்று பதில் வந்தது. திட்டத்தை மட்டும் அடுத்த மாதத்திலிருந்து 200க்கு இறக்கித் தருகிறார்களாம்.

டெக்னீஷியனிடமும் தொலைபேசியில் பேசினேன். கோபப்படாமல்தான் கேட்டேன். அவரும் கோபப்படவில்லை.

"நான்கு கம்பி போதும் சார். நான் எல்லா வீட்டுக்கும் அப்படித்தான் போடுகிறேன்."

"எல்லா வீட்டுக்குமா?"

"ஆமாம் சார். இதுவரை யாரும் கேட்டதில்லை."