ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் சர்ச்: தலைக்கு மேலேயும் பின்பக்கமும் பாருங்கள்

ஊட்டிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இந்தச் சர்ச்சின் முன்னால் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு பொட்டானிக்கல் கார்டனுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். முன்புறத்தை மட்டும் பார்ப்பதென்றால் பத்து நிமிடமே அதிகம்தான். இளமஞ்சள் பூச்சு, மேல் விளிம்பில் கோட்டை மதிலைப் போலப் பல் பல்லாக வெட்டிய கோபுரம். நன்றாக இருக்கிறது, ஆனால் அதற்காக மட்டும் மேடு ஏற வேண்டியதில்லை. இந்தக் கட்டடத்தின் சரக்கு வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது: கூரையைத் தாங்கும் மரத்திலும், பின்பக்கச் சரிவிலுள்ள கல்லறைத் தோட்டத்திலும். இரண்டையும் ஒழுங்காகப் பார்க்க ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

அடிக்கல் நாட்டியது 1829 ஏப்ரல் 23. நாட்டியவர் அன்றைய சென்னை ஆளுநர் ஸ்டீபன் ரம்போல்ட் லஷிங்டன். அன்று மன்னர் நான்காம் ஜார்ஜின் பிறந்தநாள் என்று சொல்வார்கள். மன்னர் பிறந்தது ஆகஸ்ட் 12. அரசு முறையில் கொண்டாடியது ஏப்ரல் 23, புனித ஜார்ஜ் திருநாளன்று. சர்ச்சின் பெயர் கிறிஸ்தவ விசுவாசத்துக்காக முதலில் உயிர் கொடுத்த ஸ்தேவானுடையது, ஆங்கிலத்தில் ஸ்டீபன். ஆளுநருக்கும் அதே பெயர் என்பதை அன்று யாரும் கவனிக்காமல் இருந்திருப்பார்கள் என்று தோன்றவில்லை. கட்டியவர் கேப்டன் ஜான் ஜேம்ஸ் அண்டர்வுட் என்ற ராணுவ அதிகாரி. 1830 நவம்பர் 5-ல் பிரதிஷ்டை நடந்தது. நடத்தியவர் கல்கத்தா பேராயர் ஜான் மத்தியாஸ் டர்னர். சென்னையை விட்டுவிட்டுக் கல்கத்தாவில் இருந்து ஏன் வர வேண்டும்? சென்னைக்குத் தனிப் பேராயம் அமைந்ததே 1835-ல்தான். பொது ஆராதனைக்குத் திறந்தது 1831 ஏப்ரல் 3, ஈஸ்டர் ஞாயிறு. 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபின் இது சி.எஸ்.ஐ. ஆலயம், இன்றும் ஆராதனை நடக்கும் இடம், காட்சிக்கூடம் அல்ல.

இனி மரம். பெரிய உத்திரமும் மற்ற மரங்களும் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையில் இருந்து வந்தவை. இதில் இரண்டு தவறுகள் அடிக்கடி காதில் விழும். ஒன்று, திப்புவைத் தோற்கடித்த கையோடு மரத்தைப் பெயர்த்து வந்தார்கள் என்பது. திப்பு இறந்தது 1799 மே 4. சர்ச் எழுந்தது அதற்கு முப்பது ஆண்டு கழித்து. மற்றொன்று, அதே ஊரில் உள்ள திப்புவின் கோடை மாளிகையான தரியா தௌலத்தின் மரம் என்பது. அந்த மாளிகை இன்றும் சித்திரங்களோடு நிற்கிறது. மரம் வந்தது வேறோர் அரண்மனையில் இருந்து.

இவ்வளவு தூரம் ஏன் போனார்கள் என்பதற்குக் காரணம் மலையிலேயே இருக்கிறது. ஊட்டி உயரத்தில் வளரும் சோலை மரங்கள் குட்டையானவை, முறுக்கிக்கொண்டு வளர்பவை. நீளமாக, நேராக ஓர் உத்திரம் அறுக்க அவற்றில் வழியில்லை. இன்று எங்கும் தெரியும் யூகலிப்டஸ் இந்த மலைக்கு வந்ததே 1840-களில். ஆகவே உத்திரம் கீழே இருந்துதான் ஏற வேண்டும். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள்: ஓர் அடி அகலம், ஓர் அடி தடிமன், 30 அடி நீளம் உள்ள தேக்கு 30 கன அடி. உலர்ந்த தேக்கு கன அடிக்கு ஏறக்குறைய 18 கிலோ. ஒரே துண்டு 540 கிலோ. மைசூருப் பக்கம் சுமார் 770 மீட்டர் உயரம், ஊட்டி 2,240 மீட்டர். வண்டிப்பாதை சரியாக அமையாத காலம். யானைகள் இழுத்து வந்ததாக ஊரில் சொல்கிறார்கள். இந்தக் கணக்கைப் பார்த்தால் நம்ப முடிகிறது.

உள்ளே போனதும் நடுவில் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டாம். பின்வரிசை பெஞ்சில் உட்கார்ந்து, கண் இருட்டுக்குப் பழக ஐந்து நிமிடம் கொடுங்கள். வெளிச்சத்தில் இருந்து நேராக வருகிறவர்களுக்குக் கூரை வெறும் கருப்பாகத்தான் தெரியும். பிறகு உத்திரம் சுவரில் நுழையும் இடத்தைப் பாருங்கள். பழைய கட்டடம் எதுவானாலும் முதலில் கெடுவது அங்கேதான். மரத்தின் குறுக்குவெட்டு முனை, குழாய் போல ஈரத்தை உறிஞ்சும். தென்மேற்குப் பருவமழையில் மாதக்கணக்கில் சுவர் காயாது. சுண்ணாம்புச் சாந்து அந்த ஈரத்தை மெல்ல வெளியே விடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, வெளியே பளிச்சென்று இருக்கும்போதே மரம் உளுத்துப்போகும். மலைச் சர்ச்சுகளைப் பார்க்கப் போகும்போது இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தால் எந்தக் கட்டடம் எப்படிப் பராமரிக்கப்படுகிறது என்பதை நீங்களே சொல்லிவிடலாம்.

இயேசு சீடர்களோடு உண்ட கடைசி இராப்போஜனத்தின் ஓவியமும், சிலுவையில் இயேசு, குழந்தை இயேசுவோடு மரியாள் வரைந்த வண்ணக் கண்ணாடிகளும் உண்டு. கண்ணாடி தன் நிறத்தைக் காட்டுவது வெளியே இருந்து வரும் ஒளியில். மூடுபனி நாளில் சாம்பல் பூத்தது போலத்தான் இருக்கும். பிளாஷ் போட்டால் உள்ளதும் போய், படத்தில் வெள்ளைப் புள்ளிதான் மிஞ்சும். படம் எடுக்கும் முன் அங்கே இருக்கும் பணியாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கல்லறைத் தோட்டத்தைத் தவறவிடவே கூடாது. ஊட்டியைத் தொடங்கிவைத்த கோவை கலெக்டர் ஜான் சல்லிவனின் கல்லறையைத் தேடிப் பலர் அலைகிறார்கள். அவர் இங்கே இல்லை. 1855-ல் இங்கிலாந்தில் இறந்தார். இங்கே இருப்பவர்கள் அவருடைய மனைவி ஹென்ரியட்டாவும் ஒரு மகளும். வயதுகளைப் படித்துக்கொண்டே நடங்கள். சமவெளியில் காய்ச்சலில் விழுந்தவர்களை உடல் தேற்ற அனுப்பிய ஊர் இது. தேறாதவர்கள் இந்தச் சரிவில் இருக்கிறார்கள், குழந்தைகள் உட்பட.

எழுத்து மங்கிய கல்லைப் படிக்கச் சிலர் நாணயத்தால் சுரண்டுகிறார்கள், சாக்பீஸ் தேய்க்கிறார்கள், பாசியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுக்கிறார்கள். எழுத்து மில்லிமீட்டர் ஆழம்தான். ஒவ்வொரு தேய்ப்பிலும் அதில் கொஞ்சம் போகும். செய்ய வேண்டியது எளிது: டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில், பரப்பை ஒட்டினாற்போலப் பிடியுங்கள். எழுத்துப் பள்ளங்களில் நிழல் விழுந்து வாசகம் தெளியும். வெயில் நாளென்றால் காலை 9 மணிக்கு முன்போ மாலை 4 மணிக்குப் பின்போ சாய்வெயிலே இந்த வேலையைச் செய்துவிடும். நடுப்பகல் வெளிச்சம் எதற்கும் உதவாது.

சரிவு மழையில் வழுக்கும். செருப்பு வேண்டாம், அடியில் பிடிமானம் உள்ள ஷூ போடுங்கள். முட்டி வலி உள்ளவர்கள் மேல்வரிசைகளோடு நிறுத்திக்கொள்ளலாம், முழுத் தோட்டமும் சுற்றச் சிரமம். ஞாயிறு காலையில் ஆராதனை இருக்கும். அதில் கலந்துகொள்ள வருகிறவர்கள் தவிர மற்றவர்கள் வார நாளைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஏப்ரல், மே கூட்டத்தில் காரை நிறுத்த இடம் தேடியே நேரம் போய்விடும். ஊருக்குள் இருக்கும் சேரிங் கிராஸ் சந்திப்புப் பக்கம் விட்டுவிட்டு நடந்து வாருங்கள். வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே முதல் இ-பாஸ் நடைமுறை வந்திருக்கிறது, கிளம்புமுன் எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை. ஸ்டீல் பாட்டில் கொண்டுவாருங்கள்.

இன்னும் ஒரு மணி நேரம் கையில் இருந்தால் ஏரிப் பக்கம் செயின்ட் தாமஸ் சர்ச்சுக்குப் போகலாம். பதவியில் இருக்கும்போதே 1881-ல் ஊட்டியில் இறந்த சென்னை ஆளுநர் வில்லியம் பேட்ரிக் ஆடமின் கல்லறை அங்கே இருக்கிறது. கட்டடம் என்ற அளவில் அது செயின்ட் ஸ்டீபன்ஸுக்கு ஈடாகாது. அந்தக் கல்லறைத் தூணுக்காகப் போகலாம்.